ஆடிக் காற்றில் பாலாற்றுப் பாலம்: ஸ்கூட்டரா, ஸ்ப்ளெண்டரா, புல்லட்டா?

வேலூரிலிருந்து ஆம்பூர் பக்கம் போகிறவர்களுக்கு ஆடிக் காற்று பெரும்பாலும் முகத்தில்தான் அடிக்கும். பெட்ரோல் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான். சிக்கல் காட்பாடி போகிறவர்களுக்கு. பாலாறு மேற்கிலிருந்து கிழக்கே போக, பாலம் அதைத் தெற்கு வடக்காகக் கடக்கிறது. மேல்காற்றைத் தடுக்க மரமோ கட்டடமோ கிடையாது. நேராக விலாவில் இறங்கும். போகும்போது முந்திக்கொண்டு வரும் பஸ் பக்கமாகத் தள்ளும், திரும்பும்போது கைப்பிடிச் சுவர் பக்கமாக.

அம்மி பறக்குமோ என்னவோ, ஸ்கூட்டர் ஒரு முழம் நகரும். ஆக்டிவாவும் ஸ்ப்ளெண்டரும் எடையில் கிட்டத்தட்ட ஒன்றுதான், நூற்றுப் பத்து கிலோவை ஒட்டி. ஆனால் ஸ்கூட்டரைச் சுற்றிலும் மூடிய பாடி. காற்று புகுந்து வெளியேற வழியில்லை. முன்சக்கரம் 12 அங்குலம், பின்சக்கரம் 10. ஸ்ப்ளெண்டருக்கு இரண்டுமே 18. பெரிய சக்கரம் சுழலும்போது வண்டி எளிதில் அலையாது. முழங்காலால் டேங்கை அணைத்துக்கொள்ளவும் முடியும். ஸ்கூட்டரில் அணைக்க என்ன இருக்கிறது? அதனால் பாலத்துக்கு என் ஓட்டு ஸ்ப்ளெண்டருக்கு.

புல்லட் 350 கிட்டத்தட்ட 195 கிலோ. அந்த எடைக்கு மரியாதை உண்டுதான். ஆனால் இருபுறமும் பெட்டி மாட்டி, பின்னால் ஒரு மூட்டையும் கட்டினால் காற்று பிடிக்கும் பரப்பு கூடிவிடுகிறது. அப்புறம் எடை தந்த சலுகையில் பாதி போச்சு.

வேகத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி முறுக்கிச் சீக்கிரம் தாண்டிவிடச் சொல்லும், இன்னொன்று உருட்டிக்கொண்டே போகச் சொல்லும். வேகம் கூடக்கூடக் காற்றின் தள்ளலும் கூடும். வண்டி விலகினால் திருத்த நேரமும் இருக்காது. ரொம்ப மெதுவாகப் போனாலோ சக்கரத்தின் நிலைப்பு குறைந்து தள்ளாடும். நாற்பது, நாற்பத்தைந்தில் சீராகப் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அதிலும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் இன்னும் குறைக்கலாம்.

இதையெல்லாம் விடக் கைதான் முக்கியம். பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால், காற்று நம் தோளை ஆட்டும் ஒவ்வொரு ஆட்டமும் முன்சக்கரத்துக்குப் போய்விடும். முழங்கையை லேசாக மடக்கி, பிடியைத் தளர்த்தி, உடம்பைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். காற்று இடப்பக்கமிருந்து வந்தால் இடது கைப்பிடியை மெல்ல முன்னால் அழுத்த வேண்டும்; வண்டி இடப்பக்கம் சாய்ந்து காற்றுக்கு ஈடு கொடுக்கும். திருப்புவதில்லை, அழுத்துவது. இறுக்கிப் பிடித்த புல்லட்காரரை விட, தளர்வாகப் பிடித்த ஸ்கூட்டர்காரர் நேராகப் போவார்.

லாரியை ஒட்டிப் போகும்போது காற்று சட்டென்று நின்றுபோகும். சாய்த்துவைத்த வண்டி அப்போது லாரி பக்கமே இழுக்கும். லாரி தாண்டியதும் முழு அறை திரும்ப விழும். அதனால் பாலத்தில் முந்த வேண்டாம். ஓரத்தில் ஆற்று மணல் படிந்திருக்கும், அங்கே சாய்ந்தால் டயர் வழுக்கும்; தடத்தின் நடுவை விடாதீர்கள். பின்னால் சேலையோடு யாராவது ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தால் முந்தானையை இடுப்பில் செருகச் சொல்லுங்கள். காற்று பலமாக இருக்கும் நாளில் அவர்களை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடுவது இன்னும் நல்லது.