வெள்ளிக் காசு என்று நம்பி 420 யூரோ விட்டேன், நீங்களாவது உஷார்

நேற்றுதான் உறுதியானது. 420 யூரோ போயே போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது ரோட்டர்டாமில். பழைய டச்சு வெள்ளிக் காசுகள் மேல் மூன்று வருடமாகப் பைத்தியம். சிங்கம் பொறித்த லேவன்டால்டர் இரண்டு வைத்திருக்கிறேன். நெடுநாள் ஆசை, குதிரைவீரன் வாளோடு பாயும் சில்வர் ரைடர். அதிலும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகவே அடித்த வி.ஓ.சி. முத்திரை ரகம் (நம்மூர் வ.உ.சி. இல்லை).

ஓர் ஏல ஆப்பில் கண்ணில் பட்டது. விற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியராம், தாத்தாவின் சேகரிப்பாம். கூடவே ஒரு சான்றிதழ்: 1725-ல் நார்வேயின் ருன்டே தீவருகே மூழ்கி, 1972-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஆக்கரெண்டாம் கப்பலில் எடுத்த காசு என்று. எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். எடை கேட்டேன். பத்தே நிமிடத்தில் தராசு மேல் காசு வைத்த படம் வந்தது, 32.7 கிராம். அசலின் எடை கிட்டத்தட்ட 32.8. அந்த ஒரு படத்தில் விழுந்துவிட்டேன். "ஆப்பில் கமிஷன் போகிறது, நேராக வங்கிக்கு அனுப்பினால் 450-ஐ 420 ஆக்குகிறேன்" என்றார். முப்பது யூரோ லாபம் என்று குதித்தேன், மடையன்.

வந்த காசு 27.1 கிராம். விளிம்பைச் சுற்றி மெல்லிய வார்ப்புக் கோடு, அதாவது அடித்த காசு இல்லை, உருக்கி ஊற்றிய போலி. எழுதிக் கேட்டால், "கடல் உப்பு அரித்திருக்கும்" என்று பதில். குதிரையின் பிடரி மயிர் ஒவ்வொன்றும் அப்படியே இருக்க, உப்பு எடையை மட்டும் தின்றதாம்! அடுத்து "உங்கள் தராசு சரியில்லை". அப்புறம் பிளாக். ஆப்காரர்கள் மூன்று முறையும் ஒரே பதிலை ஒட்டினார்கள்: வெளியே கட்டிய பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. வங்கியில் "நீங்களே அனுப்பியதுதானே?" போலீசில் புகார் எண் தந்தார்கள், அதோடு சரி.

நேற்று ஒரு பழைய காசு வியாபாரியிடம் காட்டினேன். அவர் எடைகூடப் போடவில்லை. சான்றிதழைப் படித்துவிட்டுச் சிரித்தார். காசில் இருக்கும் வருடம் 1739. கப்பல் மூழ்கியது 1725. பதினான்கு வருடம் கழித்து அச்சான காசு கடலடிக்கு நீந்திப் போனதா? வி.ஓ.சி. முத்திரை ரைடர் அடிக்கத் தொடங்கியதே 1728-ல்தான். இந்த வருடங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். காசைப் பார்த்த மயக்கத்தில் ஒன்றும் தோன்றவில்லை. 420 யூரோ!

சரி, ஆலோசனை. ஆப்புக்கு வெளியே ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள். தராசுப் படத்தை நம்பாதீர்கள், அன்றைய தேதி எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து வீடியோ கேளுங்கள். விளிம்பைக் காட்டச் சொல்லுங்கள். காசின் வருடத்தையும் கப்பலின் வருடத்தையும் ஒப்பிடுங்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், இப்போது மனசில்லை.

இன்று காலை அதே தராசுப் படம் வேறொரு பெயரில் ஏலத்துக்கு வந்திருக்கிறது. விலை 450.