கரி அடுப்பு வாங்கப் போறியளோ? முதல் எரிச்சுக் காட்டச் சொல்லுங்கோ

பாண் சுடுவதற்கென்று செரமிக் கரி அடுப்பு ஒன்றை முகநூலில் பார்த்து வாங்கி, 92,500 ரூபாயைத் தொலைத்துவிட்டு இருக்கிறேன். அதே விளம்பரத்தைப் பார்த்து யாழ்ப்பாணத்தில் இன்னும் சிலர் முன்பணம் கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நடந்ததை எழுதுகிறேன்.

2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றதும், மின்வெட்டில் மா புளித்து வீணாகியதும் ஒருவருக்கும் மறந்திராது. கொக்குவிலில் வீட்டிலிருந்தபடி தெரிந்தவர்களுக்குப் பாண் சுட்டுக் கொடுக்கிறேன். அந்த நாட்களில் என் வேலை முழுதாக நின்றுபோனது. பிறகு கனடாவில் தம்பி வீட்டில் மூன்று மாதம் நின்றபோது அவருடைய செரமிக் அடுப்பில் சுட்டுப் பழகினேன். ஜப்பானியரின் கமாடோ என்ற அடுப்பின் வழி வந்தது அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படையினர் அதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். முட்டை வடிவம், தடித்த சுவர், கீழே ஒரு காற்றுவாய், மேலே ஒன்று. எங்கள் பேக்கரிப் போறணை செங்கல்லில் சூட்டைச் சேர்த்து வைத்துப் பாணைச் சுடுகிறதே, இதுவும் அப்படித்தான். கரியைப் பற்றவைத்து, தீக்கு மேலே சூடு தடுக்கும் தட்டை வைத்து, முக்கால் மணித்தியாலமாவது விட வேண்டும். சுவர் சூட்டைக் குடித்த பிறகு காற்றுவாய்களை ஒடுக்கினால் 230 பாகை செல்சியஸில் அசையாமல் நிற்கும். உள்ளே காற்றோட்டம் குறைவு என்பதால் மாவிலிருந்து வரும் ஈரம் வெளியே ஓடாது. மேல்தோல் பிந்தி இறுகும், பாண் நன்றாக எழும்பும். அந்த ருசி நாக்கில் இருந்ததுதான் என்னை இந்த விளம்பரத்தில் விழுத்தியது.

விளம்பரத்தில் விலை 85,000 என்று இருந்தது. வெளிநாட்டில் இதன் விலை எனக்குத் தெரியும். இந்த விலைக்கு எப்படி வரும் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். விற்பவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "அக்கா, இது இந்தியாவிலயிருந்து இறக்கின அசல் செரமிக். கனடாவில உள்ளதும் இதுவும் ஒரே சாமான்," என்றார். "தம்பி, நான் வந்து பாக்கேக்க ஒருக்கா எரிச்சுக் காட்டுவியளோ?" என்றேன். "புதுச் சாமானை எரிச்சா உள்ளுக்குக் கறுத்துப் போயிடும் அக்கா. பிறகு ஆர் வாங்குவினம்?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. 40,000 ரூபாயை வங்கியில் போட்டேன். ஒரு கிழமையில் பட்டா வாகனத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள், மிச்சக் காசையும் கையில் கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, புத்தகம் முடிந்துவிட்டது, பிறகு தருகிறோம் என்றார்கள்.

மூன்று பேர் பிடித்துத்தான் இறக்கினார்கள். கனம் இருந்ததால் நல்ல சாமான் என்று நம்பினேன். சீமெந்தும் கனம்தானே என்று அப்போது எனக்கு ஓடவில்லை.

முதல் நாள் கொஞ்சச் சிரட்டைக் கரி போட்டு இளஞ்சூட்டில் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் அரைக் கிலோ கோதுமை மா, 330 மில்லிலீற்றர் தண்ணீர், பத்துக் கிராம் உப்பு, ஈஸ்ட் சேர்த்துக் குழைத்து, எங்கள் வெயிலுக்கு ஒரு மணித்தியாலத்திலேயே பொங்கியதும் உருட்டி வைத்தேன். மூடியில் இருந்த வெப்பமானி 180ஐத் தாண்டவே இல்லை. கையை வைத்தால் அனல் அதற்கு மேலே அடிக்கிறது. இன்னும் கரி போட்டேன். பாணை உள்ளே வைத்துப் பத்து நிமிடம் இருக்கும், தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். விளிம்பிலிருந்து கீழ்வரை வெடிப்பு ஓடியிருந்தது. உட்சுவரில் பூசியிருந்த நிறம் கொப்புளித்து எரிந்தது. பெயின்ற் மணம் முற்றம் முழுக்க. அம்மாவுக்கு இருமல் பிடித்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போகவேண்டி வந்தது. பாணின் அடி கரி, மேலே சாம்பல் நிறத் துகள். அதைக் கோழிக்குக்கூடப் போட எனக்கு மனம் வரவில்லை, புதைத்தேன்.

இரவு அடுப்பு ஆறிவிட்டது. காலையில் பார்த்தால், நெருப்பே இல்லாமல், இன்னும் இரண்டு வெடிப்பு.

பக்கத்து வீட்டு மேசன் அண்ணை வந்து உடைந்த துண்டை ஆணியால் சுரண்டிப் பார்த்தார். "பிள்ளை, இது சீமெந்து. மேல வர்ணம் அடிச்சிருக்கிறாங்கள்." அவர் விளங்கப்படுத்தியதை அப்படியே சொல்கிறேன். இறுகிய சீமெந்துக்குள் தண்ணீர் இருக்கிறது. சூடேறும்போது அது ஆவியாகி, வழி இல்லாமல் சுவரை வெடிக்கவைக்கும். 400 பாகைக்கு மேலே போனால் சீமெந்துக்குள் இருக்கும் சுண்ணாம்பு நீறாத சுண்ணாம்பாக மாறும். ஆறிய பிறகு அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஊதும். சூளையில் சுட்ட சுண்ணாம்புக் கல்லுக்குத் தண்ணீர் தெளித்தால் பொங்கி உதிர்வதைப் பார்த்தவர்களுக்கு, எரியாத அடுப்பு காலையில் ஏன் வெடித்தது என்று சொல்லத் தேவையில்லை. உண்மையான செரமிக்கைச் சூளையில் ஆயிரம் பாகைக்கு மேலே சுட்டுத்தான் எடுப்பார்கள். அதற்குக் கரியின் சூடு ஒன்றும் புதிதில்லை.

வெப்பமானியையும் கழற்றி, கொதிக்கிற தண்ணீருக்குள் அதன் கம்பியை விட்டுப் பார்த்தேன். 100 காட்ட வேண்டும். 65இல் நின்றது.

விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தால், "நீங்கள் ஈரக் கரி போட்டிருப்பியள்," என்று பழியை என்மேல் போட்டார். விடாமல் எடுத்ததும், ஆள் அனுப்பித் திருத்தித் தருவதாகச் சொல்லி 7,500 கேட்டார். கொடுத்தேன், அதுதான் இரண்டாம் பிழை. வந்த பையன் வெடிப்புக்குள் எதையோ குழைத்துப் பூசிவிட்டுப் போனான். ஒரு தடவை எரித்ததும் அதுவும் கொட்டுண்டது. அதற்குப் பிறகு அந்த இலக்கத்துக்கு என் அழைப்புப் போவதில்லை.

நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நாங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தந்தே ஆகவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. எனக்கு இது முதலே தெரிந்திருந்தால் அன்று வாகனத்தைத் திரும்ப விட்டிருக்க மாட்டேன். கையில் இருப்பது வங்கிச் சிட்டையும், தொலைபேசியில் வந்த செய்திகளும், மேசன் அண்ணை எடுத்துத் தந்த படங்களும்தான். எதையும் அழிக்கவில்லை. வழிகேட்க அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், உட்பக்கத்தைப் பாருங்கள். அசல் அடுப்பின் உட்சுவரில் வர்ணம் இருக்காது. கரி எரியும் கிண்ணம் வெளிச்சுவரோடு ஒட்டாமல் தனியாகக் கழற்றி எடுக்கக் கூடியதாக இருக்கும், சூட்டில் விரிய இடம் வேண்டும் என்பதற்காக. மூடி இருக்கும் விளிம்பில் சூடு தாங்கும் நாடா ஒட்டியிருக்கும். என்னுடையதில் இவை ஒன்றுமே இல்லை. நல்ல அடுப்பு கிடைத்தாலும் முற்றத்தில் மட்டும் எரியுங்கள், குசினிக்குள் வேண்டாம், கரிப்புகையிலுள்ள நச்சு மணக்காது. பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றினால் செரமிக் அதைக் குடித்துவிடும், பிறகு சுடும் பாணெல்லாம் மண்ணெண்ணெய்தான். மூடியைத் திறக்கும்போது முதலில் இரண்டு விரலளவு தூக்கிக் காற்றுப் போகவிட்டுத் திறவுங்கள், இல்லாவிட்டால் தீ முகத்துக்கு வரும்.

அந்த விளம்பரம் போன கிழமை வேறு பெயரில் திரும்பவும் வந்திருக்கிறது. படம் அதேதான், நீலச் சுவருக்கு முன்னால் அடுப்பு, பக்கத்தில் வாழையிலையில் வட்டப் பாண். முன்பணம் போட்டுவிட்டு அடுப்புக்குக் காத்திருப்பவர்கள், மிச்சக் காசைக் கையில் கொடுக்காதீர்கள். அவர்கள் வாகனத்தில் நிற்கும்போதே ஒரு சட்டி கரி போட்டு ஒரு மணித்தியாலம் எரித்துப் பாருங்கள்.