கோடுகளை நம்புவதற்கு முன்: ஸ்ட்ரிங் தரவுத்தளம், கற்பவரின் மதிப்புரை

புரதங்களுக்கு இடையிலான இடைவினைகளைக் கற்கத் தொடங்கும் எவரும் முதல் சில நாட்களிலேயே ஸ்ட்ரிங் தரவுத்தளத்திற்கு வந்து சேர்ந்துவிடுவார். நானும் அப்படித்தான் வந்தேன். ஓர் ஆண்டுக்கும் மேலாகப் பயன்படுத்திய பின்பு அதைப் பற்றி எழுதத் துணிகிறேன். தேர்ந்த ஆய்வாளருக்கு அது எவ்வளவு உதவுகிறது என்பது வேறு கேள்வி. செல்லின் கூறுகள் சேர்ந்து இயங்குவதை ஒரு முழுமையாக ஆராயும் அமைப்பு உயிரியலுக்குள் புதிதாக நுழைபவருக்கு அது எதைக் கற்றுத் தருகிறது, எதை அவர் வேறிடத்தில் தேடிக்கொள்ள வேண்டும் என்பதே என் அக்கறை.

சுவிஸ் உயிர்த்தகவலியல் நிறுவனம், கோபன்ஹேகன் பல்கலைக்கழகம், ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் ஆகியவற்றைச் சேர்ந்த குழுக்கள் கூட்டாக இதை நடத்துகின்றன. கட்டணம் இல்லை, பெயரைப் பதிவு செய்யாமலே தேடலாம். 12ஆம் பதிப்பில் 12,000க்கும் மேற்பட்ட உயிரினங்களின் புரதங்கள் இடம்பெற்றுள்ளன. புரதத்தின் பெயரைத் தட்டச்சு செய்து, உயிரினத்தைத் தேர்ந்தெடுத்தால், வண்ண உருண்டைகளும் அவற்றைப் பிணைக்கும் கோடுகளும் கொண்ட படம் சில நொடிகளில் திரைக்கு வந்துவிடும்.

இந்த எளிமையில்தான் என் முதல் சறுக்கலும் நேர்ந்தது. பி53 என்ற புரதத்தைத் தேடினேன். அதைச் சுற்றிப் பத்துப் புரதங்கள் வந்து நின்றன. "இந்தப் பத்தும் பி53உடன் பிணைகின்றன" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய் என் வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்தச் சோதனையில்?" என்னிடம் பதில் இல்லை. ஸ்ட்ரிங் இயல்பாகக் காட்டும் படம், தொட்டுப் பிணையும் புரதங்களின் படம் அன்று. ஒரே வேலையில் பங்குகொள்கின்றன எனக் கருதத்தக்க புரதங்களின் படம். தொடாமலேயே ஒரே வளர்சிதை மாற்றப் பாதையில் அடுத்தடுத்து வேலை செய்யும் இரு நொதிகளுக்கும் அங்கே கோடு உண்டு. தளம் இதை மறைக்கவில்லை, உதவிப் பக்கத்தில் தெளிவாகவே சொல்கிறது; நான்தான் படிக்கவில்லை. பௌதிகப் பிணைப்புகளை மட்டும் காட்டும் தேர்வு 2021இல் வெளிவந்த 11.5 பதிப்பிலிருந்தே அமைப்புகள் பகுதியில் இருக்கிறது. கற்பவர் முதலில் அதை அழுத்திப் பார்த்து, எத்தனை கோடுகள் மறைகின்றன என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

இத்தளத்தின் உண்மையான சிறப்பு கோடுகளின் நிறங்களில் இருக்கிறது. ஒவ்வொரு நிறமும் ஒரு வகைச் சான்று. இளஞ்சிவப்பு ஆய்வகச் சோதனையையும், வெளிர் நீலம் பிற தரவுத்தளங்களையும், மஞ்சள் கலந்த பச்சை ஆய்வுக் கட்டுரைகளின் உரையில் இரு பெயர்களும் சேர்ந்து வருவதையும், கறுப்பு இரு மரபணுக்களும் ஒருசேர வெளிப்படுவதையும் குறிக்கின்றன. சிவப்பு என்பது மரபணு இணைவு, எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான். ஈ. கோலி பாக்டீரியாவில் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தை உருவாக்கும் நொதி, டிஆர்பிஏ, டிஆர்பிபி என்ற இரு தனி மரபணுக்களின் விளைபொருள்களால் ஆனது. ஈஸ்ட்டில் அதே நொதி டிஆர்பி5 என்ற ஒரே மரபணுவிலிருந்து ஒரே சங்கிலியாக வருகிறது. ஓர் உயிரினத்தில் ஒட்டியே பிறப்பவை இன்னோர் உயிரினத்தில் பிரிந்து பிறந்தாலும் சேர்ந்தே வேலை செய்யும் என்று ஊகிப்பதில் பரிணாமத்தையே சாட்சிக்கு அழைக்கும் அழகு இருக்கிறது. இந்த ஜோடியைத் தேடி ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே அணைத்துப் பார்த்த ஒரு மாலையில் நான் கற்றது, பொத்தான்களை மட்டுமே அறிமுகப்படுத்திய ஓர் இணையவழி வகுப்பில் பல வாரங்கள் இருந்து கற்றதைவிட அதிகம்.

உரைச் சான்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. ஒரே நோயின் அடையாளங்களாக இரு புரதங்கள் நூறு கட்டுரைகளில் அருகருகே பேசப்பட்டால், அவை செல்லுக்குள் ஒருபோதும் சந்திக்காவிட்டாலும் அவற்றுக்கிடையே கோடு விழலாம். கோட்டைச் சொடுக்கினால் எந்த வகைச் சான்றுக்கு எவ்வளவு மதிப்பெண் என்ற பட்டியலும், அங்கிருந்து அந்தக் கட்டுரைகளின் சுருக்கங்களும் திறக்கும். இவ்வளவு வெளிப்படையாகத் தன் கணக்கை விரித்துக் காட்டும் கருவிகள் குறைவு.

மதிப்பெண்ணைத் தவறாகப் படிப்பவர்கள் மிகப் பலர். 0.9 என்றால் வலுவான பிணைப்பு, 0.4 என்றால் பலவீனமான பிணைப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த எண் பிணைப்பின் வலிமையைச் சொல்வதில்லை. அப்படியொரு தொடர்பு உண்மையில் இருக்கிறது என்பதில் கொள்ளத்தக்க நம்பிக்கையைத்தான் சொல்கிறது. தளம் இயல்பாக 0.4ஐ எல்லையாக வைத்து, அதற்குக் கீழ்ப்பட்ட தொடர்புகளைக் காட்டாமல் விடுகிறது; 0.7 உயர்ந்த நம்பிக்கை. பல சான்றுகள் சேரும்போது எண்கள் கூட்டப்படுவதில்லை. எல்லாச் சான்றுகளும் பொய்யாக இருக்கும் வாய்ப்பைப் பெருக்கி, அதை ஒன்றிலிருந்து கழிக்கிறார்கள். 0.6, 0.5 என்ற இரு சான்றுகள் இருந்தால், அவை பொய்யாகும் வாய்ப்புகள் 0.4, 0.5; இவற்றைப் பெருக்க 0.2; ஆகவே மொத்தம் 0.8. தற்செயலாகவே தொடர்பு தோன்றும் வாய்ப்புக்கான 0.041 என்ற திருத்தத்தையும் சேர்த்தால் அது 0.79 ஆகும். இக்கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவர் பிறகு அந்த எண்ணைக் கண்டு மயங்கமாட்டார்.

ஆனால் இளஞ்சிவப்புக் கோட்டின் பின்னே என்ன சோதனை நடந்தது, அது எப்படிப் பிழைக்கும் என்பதை ஸ்ட்ரிங்கை மட்டும் வைத்துக் கற்க முடியாது. 1989இல் அறிமுகமான ஈஸ்ட் இரு கலப்பின முறையில், மரபணுவை இயங்கவைக்கும் புரதமான ஒரு படியெடுத்தல் காரணியை இரண்டாகப் பிளந்து, பாதியை ஒரு புரதத்திலும் மறுபாதியை இன்னொன்றிலும் ஒட்டவைக்கிறார்கள்; இரண்டும் சேர்ந்தால்தான், பிணைப்பு நிகழ்ந்ததைக் காட்டிக்கொடுக்கும் அடையாள மரபணு விழித்தெழும். உட்கருவுக்குள் நடக்கும் சோதனை என்பதால், செல் சவ்வில் வாழும் புரதங்களுக்கு அது ஒத்துவருவதில்லை. 2000, 2001 ஆண்டுகளில் இதே முறையில் ஈஸ்ட் புரதங்களை ஆராய்ந்த இரு குழுக்கள் முறையே 957, 4,549 இடைவினைகளை அறிவித்தன. இரண்டு பட்டியல்களிலும் பொதுவாக இருந்தவை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. ஆகவே, ஒவ்வொரு இடைவினைக்கும் சோதனை முறையின் பெயரைக் குறிப்பிடும் இன்டாக்ட், பயோகிரிட் ஆகிய தரவுத்தளங்களை அருகிலேயே திறந்து வைத்துக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது.

நூற்றுக்கணக்கான புரதங்களை ஒரே நேரத்தில் ஆராய சைட்டோஸ்கேப் என்ற கட்டற்ற மென்பொருள் துணை நிற்கிறது. ஸ்ட்ரிங்கிலிருந்து வலையமைப்பை நேரே அதற்குள் கொண்டுவரலாம். அங்கே காத்திருக்கும் பொறி வேறு. மிகுதியான கோடுகளைக் கொண்ட கணுவை, அதாவது உருண்டையை, கண்டதும் "இதுவே மையப் புரதம்" என்று எழுதக் கை துடிக்கும். பி53 போல் பல்லாண்டுகளாக ஆராயப்பட்ட புரதத்திற்குக் கோடுகள் மிகுவது இயல்பே; யாரும் தீண்டாத புரதம் படத்தின் ஓரத்தில் தனியே கிடப்பதற்கு, அதைப் பற்றிய கட்டுரைகள் இல்லாமையும் காரணமாகலாம்.

எனக்குள்ள பெரிய குறை காலத்தைப் பற்றியது. எம்டிஎம்2 என்ற புரதம் பி53ஐப் பிடித்து, அழிவுக்கான அடையாளத்தை அதன்மேல் ஒட்டுகிறது. பி53ஓ எம்டிஎம்2இன் மரபணுவையே தூண்டிவிடுகிறது. தன்னை அழிப்பதைத் தானே உருவாக்கும் இந்தச் சுழற்சியால், டிஎன்ஏ சேதமுற்ற செல்களில் பி53இன் அளவு ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்திற்கு ஒருமுறை அலைபோல் எழுந்து தாழ்கிறது. ஸ்ட்ரிங் படத்தில் இந்த நாடகம் முழுவதும் ஒரு கற்றைக் கோடாகச் சுருங்கிவிடும். 12.5 பதிப்பில் எது எதை ஒழுங்குபடுத்துகிறது என்ற திசையைக் காட்டும் வலையமைப்பு சேர்க்கப்பட்டிருப்பது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆயினும் எவ்வளவு, எவ்வளவு விரைவில் என்ற கேள்விகளுக்கு, அளவுகள் காலத்தோடு மாறும் வேகத்தைக் கணக்கிடும் வகைக்கெழுச் சமன்பாடுகளிடம்தான் போக வேண்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பயன்படுத்துவோர், படத்தை மட்டும் சேமித்துவிடாமல் அட்டவணைக் கோப்பையும் பதிவிறக்கி, எந்தப் பதிப்பு, எந்த எல்லை மதிப்பெண், எந்தச் சான்றுகள் என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்க வேண்டும். பதிப்பு மாறினால் மதிப்பெண்களும் மாறும்; ஆறு மாதம் கழித்து அதே தேடலைச் செய்பவருக்கு அதே படம் வர வேண்டும் என்பதில்லை.