வோல்கா பஞ்ச வரைபடங்களுக்கு நான்கு ரோடு பிளான் பிரிண்ட் கடை

சேலம் நான்கு ரோடு பக்கம் கட்டடப் பிளான் பிரிண்ட் போடும் கடை ஒன்று, வரலாறு படிப்பவர்களுக்கும் நன்றாகவே உதவுகிறது. ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் பக்கம் வந்த 1891-92 பஞ்சத்தையும், அதன் பின்னாலேயே வந்த காலராவையும் வரைபடத்தில் பின்தொடர 36 அங்குல ரோல் பிரிண்ட்டும் டிரேசிங் ஷீட்டும் வேண்டும். இரண்டும் இங்கே ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

குறையை முதலில் சொல்லிவிடலாம். ஃபைலைக் கொடுத்ததும் ‘ஃபிட் டு பேப்பர்’ வைத்து அடித்துவிடுகிறார்கள். வீட்டுப் பிளானில் அளவு எண்ணாகவே எழுதியிருக்கும், பாதகமில்லை. பழைய வரைபடத்துக்கு அளவுதான் உயிர். ‘பத்து வெர்ஸ்ட்’ எனப்படும் பழைய ரஷ்ய வரைபடத்தில் 1 அங்குலத்துக்கு 10 வெர்ஸ்ட், அதாவது 1:4,20,000. வெர்ஸ்ட் என்பது பழைய ரஷ்யத் தூர அளவு, ஒரு வெர்ஸ்ட் 1.067 கி.மீ. சரியாக அடித்தால் 100 வெர்ஸ்ட் தூரம் தாளில் 254 மி.மீ. வரும். கடையை விட்டு நகரும் முன் ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பாருங்கள். குறைந்தால் ‘ஆக்சுவல் சைஸ், 100 சதவீதம்’ என்று சொல்லி மறுபடி போடச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் போட்டுத் தருகிறார்கள். ஸ்கேன் 400 டிபிஐக்குக் கீழே வேண்டாம், ஊர்ப் பெயர்களின் பொடி எழுத்து மை அடைத்துவிடும்.

டிரேசிங் மூன்று தாள். முதல் தாளில் விளைச்சல் பொய்த்த மாகாணங்கள்: சமாரா, சரத்தோவ், சிம்பிர்ஸ்க், கசான், பென்சா, தம்போவ், வரோனெஷ். இரண்டாவதில் ரயில் பாதையும் வோல்கா நீராவிக் கப்பல் துறைகளும். மூன்றாவதில் 1892 காலரா ஒவ்வொரு ஊரிலும் தலைகாட்டிய தேதி. அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், பாக்கு, அஸ்த்ரகான், சாரித்சின், சரத்தோவ், சமாரா என்று தேதிகள் ஆற்றை எதிர்த்து மேலேறுவது கண்ணுக்குத் தெரியும். நோய் பாரசீகத்திலிருந்து காஸ்பியன் வழியாகக் கப்பலில் வந்தது. பசியில் வாடிய உடம்புக்கு அதைத் தாங்கத் தெம்பில்லை. புள்ளிவிவர அட்டவணையை மட்டும் பார்த்தால் பஞ்சச் சாவும் காலராச் சாவும் ஒன்றாகக் கலந்துவிடும்.

தேதி குறிக்கும்போது பழைய ரஷ்ய நாட்காட்டிக்கு 12 நாள் கூட்டுங்கள்: ஜூன் 21 என்றால் நமக்கு ஜூலை 3. தீர்க்கரேகையிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். பல தாள்கள் கிரீன்விச்சை விட்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே உள்ள புல்கோவோ வானாய்வகத்தைச் சுழியமாக வைத்தவை. சமாரா 20 டிகிரி அருகில் நிற்கும். 30 டிகிரி 20 நிமிடம் கூட்டினால்தான் கிரீன்விச் கணக்கில் 50க்கு வரும்.

1921-22 பஞ்சத்தை இதே அடித்தாள் மேல் போடக் கூடாது. 1918இல் வோல்கா ஜெர்மானியர்களுக்கென்று (அந்த ஆற்றங்கரையில் குடியேறி வாழ்ந்த ஜெர்மானியர்கள்) சமாரா, சரத்தோவ் நிலத்திலிருந்து தனிப் பகுதி பிரிக்கப்பட்டது. பெயர் பழையது, எல்லை வேறு. நம் ஊர் தாது வருஷப் பஞ்சத்தைத் தாலுகா வரைபடத்தில் குறிப்பவர்களும் எல்லை மாறியதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் டிரேசிங் பேப்பரே வேண்டாம். மூடுபனி ஈரத்தில் அது விரிந்து, ஒரு தாளின் வோல்கா இன்னொரு தாளின் வோல்காவை விட்டு விலகி நிற்கும். பாலியெஸ்டர் ஃபிலிம் கேளுங்கள். எப்போதும் இருப்பில் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். லேமினேஷன் செய்து தரவா என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேலே பென்சில் ஓடாது. மடித்துக் கொடுத்தால் வாங்காமல் சுருட்டி பிவிசி குழாயில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.