சிப் கெட்டாலும் கோப்பு பிழைக்குமா? எஸ்எஸ்டிகளுடன் பல வருட அனுபவம்

ஹார்டு டிஸ்கை விட்டு எஸ்எஸ்டிக்கு மாறிப் பல வருடம் ஆகிவிட்டது. வேகத்தைப் பற்றி இனி எழுத ஒன்றும் இல்லை. எத்தனை டெராபைட் எழுதினால் தேயும் என்ற கணக்கையும் எல்லாரும் அலசித் தீர்த்துவிட்டார்கள். என் டிரைவ்கள் எதுவும் அந்த எல்லையின் பக்கத்தில்கூடப் போனதில்லை. உள்ளே வரிசையாக இருக்கும், தரவைச் சேமிக்கும் பிளாஷ் சிப்களில் ஒன்று மட்டும் கெட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு அது நடந்தது.

விலை குறைந்த ஒரு சாட்டா டிரைவ். வீடியோ பதிவுகளும் கொஞ்சம் ஆவணங்களும் அதில் இருந்தன. டிரைவ் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கில் தேய்மானம் மிகக் குறைவாகத்தான் காட்டியது. ஒருநாள் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது பாதியில் நின்று, படிக்க முடியவில்லை என்று பிழை வந்தது. மறுபடி எடுத்தாலும் அதே இடத்தில் அதே பிழை. கெட்ட டிரைவிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்கியூ என்ற மென்பொருளை வைத்து டிரைவ் முழுவதையும் பிரதி எடுத்துப் பார்த்தேன். படிக்க முடியாத இடங்களை அது ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும். அதில் ஓட்டைகள் ஒரே இடத்தில் இல்லை. பெரிய கோப்புகள் நெடுகிலும், ஏறக்குறையச் சம இடைவெளியில், திரும்பத் திரும்ப வந்தன.

யோசித்துப் பார்த்தால் காரணம் நேரடியானது. வேகத்துக்காக கன்ட்ரோலர் (டிரைவை இயக்கும் சிப்) ஒரு கோப்பைத் துண்டு துண்டாக்கி எல்லா சிப்களுக்கும் பகிர்ந்து எழுதுகிறது. அதனால் ஒரு சிப் செய்யும் கோளாறு எல்லாப் பெரிய கோப்புகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவப்படுகிறது. சிறிய ஆவணங்கள் பெரும்பாலும் முழுசாகப் பிழைத்தன. நீளமான பதிவுகளில் ஒன்றுகூட முழுசாக இல்லை. பேக்கப் இருந்ததால் எல்லாம் திரும்ப வந்தது. ஆனாலும் அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகு எஸ்எஸ்டி வாங்கும் விதமே எனக்கு மாறிவிட்டது.

பிளாஷ் நினைவகம் பிழை இல்லாமல் படிப்பதே கிடையாது. மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் நுண்ணிய அறைதான் செல். டிஎல்சி வகையில் ஒரு செல்லில் 3 பிட், கியூஎல்சியில் 4 பிட். மின்னழுத்த நிலைகள் நெருங்கி நெருங்கி இருப்பதால் சில பிட்கள் மாறித்தான் வரும். அவற்றை எல்டிபிசி போன்ற பிழைத்திருத்தக் குறியீடு சரிசெய்துவிடுகிறது. முடியாவிட்டால் கன்ட்ரோலர் மின்னழுத்தத்தைச் சற்று நகர்த்தி மறுபடி படித்துப் பார்க்கும். இதெல்லாம் சில பிட்கள் மாறும் வரைக்கும்தான். ஒரு பக்கமே (ஒரே தடவையில் எழுதும் துண்டு), பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்கே, அல்லது சிப்பே போய்விட்டால் திருத்த அங்கே ஒன்றும் மிச்சம் இருக்காது.

அதற்குத்தான் டிரைவுக்குள்ளேயே பாரிட்டி, அதாவது தொலைந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவும் கூடுதல் தரவு. பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்று போனாலும் தரவைக் காக்கும் ரெய்டு 5 செய்கிற அதே வேலை, டிஸ்குகளுக்குப் பதில் சிப்களுக்கு இடையே. உதாரணத்துக்கு, 15 சிப்களில் ஒவ்வொரு பக்கம் எழுதி, அவை அத்தனையின் எக்ஸோர் (பிட்களை ஒப்பிடும் ஒரு கணக்கு) விடையை 16ஆவது பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் படிக்க வராவிட்டால் மற்ற 15-ஐயும் எக்ஸோர் செய்தால் தொலைந்தது கிடைத்துவிடும். இதற்காக இழப்பது, கொள்ளளவில் 16-இல் ஒரு பங்கு. சாண்ட்ஃபோர்ஸ் கன்ட்ரோலர்களில் இதற்கு ரெய்ஸ் என்று பெயர். மைக்ரான் தன் டிரைவ்களில் ரெய்ன் என்கிறது.

இது வீண் பயம் இல்லை. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, கூகுள் தரவு மையங்களில் 6 வருடம் ஓடிய டிரைவ்களைப் பற்றியது. முதல் 4 வருடத்துக்குள் 2 முதல் 7 சதவீத டிரைவ்களில் கெட்ட சிப் ஒன்றாவது உருவாகியிருந்தது. ஹார்டு டிஸ்கைவிடக் குறைவாகத்தான் இவற்றை மாற்ற வேண்டிவந்தது. ஆனால் திருத்த முடியாத பிழை வருவது இவற்றில் அதிகம். என் அனுபவமும் அப்படித்தான்: டிரைவ் உயிரோடு இருக்கும், தரவில் மட்டும் ஓட்டை விழும்.

அப்புறம் வாங்கிய டிரைவில் உள் பாரிட்டி உண்டு. பாரிட்டி கொண்டு எத்தனை முறை மீட்டது என்பதைச் சில டிரைவ்கள் ஸ்மார்ட்டில் தனி எண்ணாகவே காட்டும். மைக்ரானின் சாட்டா டிரைவ்கள் பலவற்றில் அது 210ஆவது வரி. என்னிடம் இருப்பதிலும் அப்படி ஒரு எண் உண்டு. நெடுநாள் பூஜ்யத்தில் நின்றது, ஒருமுறை நகர்ந்தது. கெட்டதற்குப் பதில் மாற்றிப்போட்ட பிளாக்குகளின் எண்ணும் அதோடு ஏறியது. கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க வைத்திருக்கும் செக்சம் எண்கள் எல்லாம் சரியாக இருந்தது. இவ்வளவு சத்தமில்லாமல் ஒரு பாதுகாப்பு வேலை செய்வதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஸ்மார்ட் எண்களை அவ்வப்போது எடுத்துச் சேமித்து வையுங்கள். ஒரு எண் எவ்வளவு என்பதைவிட, போன தடவையிலிருந்து நகர்ந்ததா என்பதுதான் விஷயம்.

ஆனால் கன்ட்ரோலரே போனால் உள் பாரிட்டி எதற்கும் உதவாது. டிரைவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில் பிழை இருந்தாலும் அப்படித்தான். 2019-இல் சர்வர் தயாரிக்கும் எச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்ஏஎஸ் (சர்வர்களுக்கான இணைப்பு வகை) எஸ்எஸ்டிகளைப் பற்றி ஓர் அறிவிப்பு விட்டது: 32,768 மணி நேரம் ஓடியதும் டிரைவ் செத்துவிடும், தரவும் போய்விடும், உடனே ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள் என்று. ஒரே நாளில் ஓட ஆரம்பித்த டிரைவ்கள் ஒரே நேரத்தில் போகும். இதைப் படித்த பிறகு ஒரே தரவை இரண்டு டிரைவிலும் எழுதி வைக்கும் என் இசட்எஃப்எஸ் (ஒரு கோப்பு முறைமை) மிரரில் வேறுவேறு கன்ட்ரோலர் உள்ள இரண்டு டிரைவ்களைப் போட்டிருக்கிறேன். மாதம் ஒரு தடவை ஸ்க்ரப், அதாவது எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் வேலை, ஓடுகிறது. ஒன்றில் செக்சம் பொருந்தாவிட்டால் மற்றதிலிருந்து எடுத்து அதுவே சரிசெய்துவிடும். பேக்கப்பை மட்டும் ஹார்டு டிஸ்கில்தான் வைக்கிறேன்.

எஸ்எஸ்டியை அலமாரியில் போட்டு வைத்து அதுதான் பேக்கப் என்று நம்பாதீர்கள். நினைவகச் சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் நிர்ணயப்படி, எழுதும் ஆயுள் தீர்ந்த சாதாரண டிரைவ், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் 1 வருடம் தரவைக் காத்தால் போதும். சர்வர் வகைக்கு 40 டிகிரியில் வெறும் 3 மாதம்தான். புது டிரைவ் இதைவிட வெகுகாலம் தாங்கும், சரி. இருந்தாலும் செல்லில் இருக்கும் மின்னூட்டம் கசியத்தான் செய்யும். பழைய கோப்பு மட்டும் மெதுவாகப் படிக்கிறது என்றால் கன்ட்ரோலர் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று சந்தேகப்படலாம்.

எனக்கு இருக்கும் பெரிய குறை, சாதாரண டிரைவ்களின் விவரத்தாளில் உள் பாரிட்டி இருக்கிறதா என்று பெரும்பாலும் போடுவதே இல்லை. 512, 1024-க்குப் பதில் 480, 960 ஜிபி என்று கொள்ளளவு இருந்தால் உள்ளே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். அது வெறும் உபரி இடமாகவும் இருக்கலாம். அதனால் அடுத்த டிரைவுக்கு சர்வர் வகையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவற்றின் விவரத்தாளில் சிப் பழுதுப் பாதுகாப்பும், மின்வெட்டில் எழுதி முடிக்க உதவும் கெபாசிட்டரும் தனியாகக் குறித்திருப்பார்கள். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.