கஜாவுக்குப் பிறகு வாங்கிய ஜெனரேட்டர்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அம்மாவின் இன்சுலினை மண்பானைக்குள் வைத்து, பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டிச் சமாளித்தோம். கரண்ட் வந்த அதே வாரம் தஞ்சாவூர் போய் 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கி வந்தேன். எல்லாம் முடிந்த பிறகு ஜெனரேட்டரோடு வந்து இறங்கியவனை வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற ரகம். ஃப்ரிட்ஜ், மூன்று ஃபேன், நாலு பல்பு போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஓடுகிறது. ஒரு எச்.பி. தண்ணீர் மோட்டாரை இழுக்காது. மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரண்ட்டைப் போல மூன்று, நாலு மடங்கு கேட்கும். போட்டுப் பார்த்தேன், எஞ்சின் முனகிக்கொண்டு படுத்துவிட்டது. சத்தம் அதிகம்தான். ஆனால் நான் எழுத வந்தது வேறு. இந்த ஏழு வருடத்தில் நாலு தடவை இது ஸ்டார்ட் ஆகாமலோ பாதியில் நின்றோ போனது. நாலு தடவையும் கோளாறு என்னுடையது.

முதல் தடவை 2020 நவம்பர், நிவர் புயல். அது புதுச்சேரி பக்கம் கடந்தது என்றாலும் எங்கள் பக்கம் முன்கூட்டியே கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஜெனரேட்டரை வெளியே இழுத்து வைத்து, 'காக்' என்கிற பெட்ரோல் வால்வைத் திறந்து, காற்றைக் குறைத்துப் பெட்ரோலை அதிகம் விடுகிற சோக்கைப் போட்டு இழுத்தேன். முப்பது இழுப்புக்கு மேல் எண்ணவில்லை, தோள் கழன்றுவிட்டது. தெருமுனையில் பைக் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வந்தவர் கயிற்றைத் தொடவே இல்லை. "பிளக்கைக் கழட்டிப் பாத்தீங்களா சார்?" என்றார். பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி விடுகிற ஸ்பார்க் பிளக்கைத்தான் சொன்னார்.

அன்று கற்றதுதான் இன்றுவரை எனக்குப் பாடம். அத்தனை இழுப்புக்குப் பிறகு பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் உள்ளே போகிறது, பற்றவில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே போகவில்லை. என்னுடையது எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டு, பிளக்கை அதன் கேப்பில் மாட்டி, துவாரத்திலிருந்து தள்ளி எஞ்சின் இரும்பில் ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுத்தார். நீலமாகப் பொறி தெறித்தது. கரண்ட் பக்கம் சரி, பெட்ரோல் பக்கம்தான் அடைப்பு.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்பரேட்டருக்கு அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே பெட்ரோல் இல்லை, பழுப்பாகப் பிசின். ஒன்றரை வருடம் முன்பு ஊற்றிய பெட்ரோல் அப்படியே காய்ந்து, வார்னிஷ் வாடை வீசியது. நடுவில் பெட்ரோல் போகிற வழியான ஜெட்டைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். ஊசிமுனை அளவுத் துவாரம். மறுபக்கம் வெளிச்சமே வரவில்லை. ஒயரிலிருந்து ஒற்றைச் செம்புக் கம்பியை உருவி மெல்லக் குத்தி எடுத்தார். குண்டூசியால் குத்தினால் துவாரம் பெரிதாகி, அப்புறம் பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்துவிடுமாம். டேங்க்கைக் காலி செய்து புது பெட்ரோல் ஊற்றியதும் மூன்றாவது இழுப்பில் பிடித்தது. ஆனால் சோக்கைப் பாதி போட்டால்தான் ஓடியது. "ஜெட் இன்னும் முழுசா திறக்கல, நாளைக்கு ஸ்ப்ரே அடிச்சுக் கழுவிடுவோம்" என்றார். அப்படியே சரியானது.

இரண்டாவது தடவை வாசலுக்குச் சிமெண்டு போட்ட வருடம். பிளக் நனைந்திருந்தது, பொறி மட்டும் வரவே இல்லை. பொறிக்குக் கரண்ட் கொடுக்கிற காயில் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, புதுக் காயில் என்ன விலை என்று விசாரிக்கவும் செய்தேன். மெக்கானிக் ஊரில் இல்லை. போனில் ஒரே கேள்வி கேட்டார்: "தரை சமமா இருக்கா சார்?" தண்ணீர் ஓடட்டும் என்று நான்தான் வாசலைச் சாக்கடைப் பக்கம் சரித்துப் போடச் சொன்னேன். ஆயில் குறைந்தால் எஞ்சின் கெடாமல் இருக்க, பொறியை நிறுத்துகிற சென்சார் ஒன்று உள்ளே உண்டு. ஆயிலும் கொஞ்சம் குறைந்து, மெஷினும் சாய்ந்து நின்றதில் அது நிறுத்திவிட்டது. ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சமமாக்கி ஆயில் ஊற்றியதும் ஓடியது. ஆயில் குச்சியைத் திருகாமல் சும்மா உள்ளே விட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. நான் இரண்டு வருடமாகத் திருகியே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது கொஞ்சம் வெட்கக்கேடு. ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிடம் ஓடும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடும். ஒரு நாள் நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்தேன், உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடியில் காற்று போகச் சின்னத் துளை உண்டு. மழைத்தண்ணீர் இறங்கக்கூடாது என்று மூடிக்கு மேல் பிளாஸ்டிக் கவரை இறுக்கிக் கட்டியவன் நானேதான். காற்று போக வழியில்லாமல் பெட்ரோல் இறங்கவில்லை.

நாலாவது, எஞ்சின் சூடாக இருக்கும்போது என் மகன் சோக்கைப் போட்டு இழுத்துப் பெட்ரோலில் மூழ்கடித்தது. பழக்கிக்கொடுத்த நான், சூட்டில் சோக் வேண்டாம் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிளக்கைக் கழற்றி, சுவிட்சை ஆஃப் செய்து, பத்து இழுப்பு வெறுமனே இழுத்து, பிளக்கைத் துடைத்துப் போட்டதும் சரி.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், தண்ணீர் சேர்ந்தால் பிரிந்து அடியில் தங்கும். நம் கடலோர மழைக்காலத்தில் இதைக் கிண்ணத்தில் விட்டுவைப்பது வம்பு. அதனால் வேலை முடிந்ததும் சுவிட்சில் நிறுத்துவதில்லை. பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். அப்புறம் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடிக்கிறேன். டேங்க்கில் மிஞ்சியது பைக்குக்குப் போகும்.

ஒன்றை மட்டும் மழைக்குப் பயந்தும் செய்ததில்லை: இதைத் திண்ணைக்கோ வீட்டுக்குள்ளோ ஏற்றுவது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். வாசல் மூலையில், ஜன்னல்களை விட்டுத் தள்ளி, நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டிருக்கிறேன். சுற்றி நாலு பக்கமும் திறப்பு.

மாதம் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதற்கு நாள் மறந்துகொண்டே இருந்தது. அமாவாசைக்கு எப்படியும் பைக்குக்கு எலுமிச்சை வைத்துக் கற்பூரம் காட்டுகிறோம். கற்பூரம் அணைந்து நன்றாக ஆறிய பிறகு, கால் லிட்டர் ஊற்றி, ஃப்ரிட்ஜை மாட்டிக் கால் மணி நேரம் ஓட்டுகிறேன். போன அமாவாசைக்கு இரண்டாவது இழுப்பில் பிடித்தது. அம்மா உள்ளேயிருந்து, "கரண்டு இருக்கையில எதுக்குடா அதைக் கத்த விடுற?" என்றார்.