சொந்த மில்லிங் இயந்திரமா, வெளி மையமா, அச்சுப்பொறியா? டென்டல் லேப் நடத்துவோருக்கான ஒப்பீடு

பல் மருத்துவர்களுக்காகச் செயற்கைப் பல் வேலைகளைச் செய்து தரும் டென்டல் லேப் நடத்துகிறவர் இன்று இரண்டு பக்கமும் நெருக்கப்படுகிறார். உலோகம், பீங்கான் தூள், மின்சாரம், கைதேர்ந்த டெக்னீஷியனின் சம்பளம் எல்லாம் ஏறிக்கொண்டே போகின்றன. ஒரு கிரவுனுக்கு (பல்லின் மேல் மாட்டும் உறைக்கு) மருத்துவர் தரும் கட்டணமோ, வேறொரு லேப் குறைத்துக் கேட்கிறது என்ற ஒரே காரணத்தால் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இந்த நேரம் பார்த்து, கட்டியிலிருந்து கிரவுனைக் கடைந்தெடுக்கும் மில்லிங் இயந்திரத்தின் விற்பனையாளர் வருகிறார். வாய்க்குள் ஸ்கேன் எடுக்கும் மருத்துவர்கள் பெருகிவிட்டார்கள், இனி மாவில் எடுத்த பல் அச்சு வராது, ஸ்கேன் கோப்புதான் வரும், ஆகவே உடனே இயந்திரம் வாங்குங்கள் என்கிறார். கோப்பு வரும் என்பது உண்மைதான். அதிலிருந்து எந்த இயந்திரத்தை வாங்க வேண்டும், வாங்கத்தான் வேண்டுமா என்ற முடிவு தானாக வந்துவிடாது.

ஒரு சிறிய அல்லது நடுத்தர லேபுக்கு நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. பழைய வார்ப்பு முறையிலேயே தொடரலாம்; சொந்தமாக மில்லிங் இயந்திரம் வாங்கலாம்; வடிவமைப்பை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு மில்லிங்கை வெளி மையத்துக்குக் கொடுக்கலாம்; முப்பரிமாண அச்சுப்பொறியை நடுவில் வைத்து வேலையை மாற்றியமைக்கலாம். இவற்றை ஒப்பிடும்போது ஒரு கிரவுனுக்கான பொருட்செலவை மட்டும் பார்ப்பது பயன்படாது. மாதம் எத்தனை யூனிட் (தனித்தனிப் பல்) வருகிறது, அதில் எத்தனை ரீமேக் ஆகிறது, அதாவது மறுபடி செய்ய வேண்டிவருகிறது, அந்த ரீமேக்கின் செலவு யார் தலையில் விழுகிறது என்பவைதான் கணக்கைத் தீர்மானிக்கின்றன.

வார்ப்பு முறை

உலோகத்தின் மேல் பீங்கானைச் சுட்டு ஏற்றும் முறை, 1962இல் வைன்ஸ்டீன் குழுவினர் பெற்ற காப்புரிமைகளுக்குப் பிறகு பரவியது. தங்கத்தின் விலைக் கட்டுப்பாடு 1971இல் தளர்ந்த பின், விலையேற்றத்துக்குத் தப்பிக்க லேபுகள் நிக்கல்-குரோமியம், கோபால்ட்-குரோமியம் கலவைகளுக்கு மாறின. பல்லேடியம் கலந்த கலவையை நம்பியவர்களுக்கும் அமைதி கிடைக்கவில்லை. 2022 மார்ச்சில் உச்சம் தொட்ட பல்லேடியம் விலை அடுத்த ஆண்டின் முடிவுக்குள் அதன் பாதிக்கும் கீழே இறங்கியது. இப்படி ஏறி இறங்கும் பொருளை வைத்து மருத்துவரிடம் ஆண்டுக் கட்டணம் பேசுவது சூதாட்டத்துக்குச் சமம்.

சாதாரண உலோகக் கலவையின் விலை குறைவுதான். ஆனால் இந்த முறையின் பெருஞ்செலவு உலோகத்தில் இல்லை, கைகளில் இருக்கிறது. மெழுகு வடித்து, உலோகம் ஓடும் வழியாக ஸ்ப்ரூ வைத்து, இன்வெஸ்ட்மென்ட் என்ற வெப்பம் தாங்கும் கலவையில் புதைத்து, மெழுகை எரித்து, உலோகம் ஊற்றி, மணல் வீசித் துலக்கி, தேய்த்து, உலோக நிறத்தை மறைக்கும் ஓபேக் பூசி, பீங்கானை அடுக்கடுக்காகச் சுடுகிறோம். இதில் எந்தக் கட்டத்தில் பிழை நேர்ந்தாலும் மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். வேலை தெரிந்த ஒருவர் விலகினால் அவரிடத்தை நிரப்ப ஆண்டுகள் ஆகும். நிக்கல் கலவைகள் சிலவற்றில் வார்ப்பு எளிதாக வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்ட பெரிலியத்தின் தூசி நுரையீரலைத் தாக்கும் என்பதையும், குறைந்த விலைக் கலவை கையில் எடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் வார்ப்பை மூடிவிடலாமா என்றால், பகுதிப் பல்செட்டுக்கான கோபால்ட்-குரோமியச் சட்டகம் செய்கிற லேபுக்கு அது அவ்வளவு எளிதல்ல. நீண்ட பிரிட்ஜ்களுக்கும் (ஒன்றாக இணைந்த பல் வரிசைகளுக்கும்), மேலே பீங்கான் ஏற இடமே இல்லாத குட்டையான கடைவாய்ப் பற்களுக்கும் உலோகம் இன்னும் நல்ல பதிலாக இருக்கிறது. ஒற்றைக் கிரவுன்களை மட்டுமே செய்கிற லேப் என்றால், வார்ப்புக்கான இடத்தையும் ஆளையும் வைத்திருப்பதற்கு எனக்கு வலுவான காரணம் தெரியவில்லை.

சொந்த மில்லும் வெளி மையமும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். இரண்டிலும் பொருள் ஒன்றே: பெரும்பாலும் சிர்கோனியா என்ற வலுவான பீங்கான். இரண்டிலும் ஸ்கேனும் வடிவமைப்பும் லேபிலேயே நடக்கலாம். வேறுபடுவது கோப்பு சேமிக்கப்பட்ட பிறகு நடப்பவை மட்டுமே. ஆனால் பணம் செலவாவதும் அங்கேதான்.

சிர்கோனியாவை முழுமையாகச் சுடாத, சுண்ணாம்புக்கட்டி போன்ற நிலையில், டிஸ்க் என்ற வட்டக் கட்டியிலிருந்துதான் கடைகிறோம். உலையில் 1450 முதல் 1550 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சின்டர் ஆகும்போது, அதாவது சுட்டு இறுகும்போது, அது ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தை ஈடுகட்ட மென்பொருள் கிரவுனைப் பெரிதாக்கிக் கடைகிறது. எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்ற எண் டிஸ்குக்கு டிஸ்க், தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி சற்று மாறும், அதை டிஸ்கின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கம் தவறினால், ஒற்றைக் கிரவுன் கொஞ்சம் இறுக்கமாகவோ தளர்வாகவோ போகும். நான்கு யூனிட் பிரிட்ஜ் உட்காரவே உட்காராது. சொந்த மில் வைத்திருப்பவர் இந்தப் பொறுப்பை முழுவதுமாகத் தன் மேல் ஏற்றுக்கொள்கிறார். பர் (கடையும் முனை) தேய்ந்திருக்கிறதா, இயந்திரம் நகரும் அச்சுகளின் அளவுத்திருத்தம் சரியா, உலையின் வெப்பமானி காட்டுவது மெய்தானா, நிறத்திரவம் பூசிய கிரவுன் முழுக்க உலர்ந்த பிறகுதான் உலைக்குள் போனதா என்று தினமும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். தேய்ந்த பர் மார்ஜினை, அதாவது கிரவுனின் ஓரத்தை, உடனே உடைத்துக்காட்டாது. மெல்லிய விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சில்லுகளை எடுத்துவிடும், சின்டரிங் முடிந்து டையில் (பல்லின் மாதிரியில்) உட்காரவைத்து உருப்பெருக்கியில் பார்க்கும்போதுதான் அது தெரியவரும்.

இனி எண்கள். வெளி மையம் ஒரு கிரவுனைக் கடைந்து சுட்டுத் தருவதற்கு வாங்கும் கட்டணத்தை 1 என்று வைத்துக்கொள்வோம். சொந்த மில்லில் அதே கிரவுனுக்கான டிஸ்க், பர், மின்சாரம் எல்லாம் சேர்ந்து 0.3 ஆகிறது என்றால், ஒரு யூனிட்டுக்கு மிச்சம் 0.7. கடன் தவணை, தேய்மானம், பராமரிப்பு ஒப்பந்தம், காற்றமுக்கி, தூசி உறிஞ்சி, மென்பொருளின் ஆண்டுச் சந்தா எல்லாம் சேர்ந்த மாதாந்தர நிலைச்செலவு 140 என்றால், மாதம் 200 யூனிட் வந்தால்தான் செலவும் வரவும் நேராகும். விற்பனையாளர் காட்டும் தாள் பொதுவாக இந்த இடத்தில் முடிந்துவிடும். இயந்திரத்தைக் கவனிக்கும் ஆளின் நேரத்துக்கு 70 சேர்த்தால் நிலைச்செலவு 210 ஆகிறது, தேவையான எண்ணிக்கையும் 300க்கு ஏறுகிறது. இவை எடுத்துக்காட்டு எண்களே. ஆனால் தன் எண்களை இதே சட்டத்தில் வைத்துப் பார்த்த பிறகும் மாதாமாதம் அந்த எல்லையைத் தாண்டுகிற லேபுக்கு மட்டுமே சொந்த மில் பொருந்தும். ஒரு நல்ல மாதத்தின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுப்பதைவிட, ஆண்டின் மிக மந்தமான மாதத்தை எடுப்பது பாதுகாப்பானது, ஏனெனில் தவணைக்கு மந்தமான மாதம் என்று ஒன்று கிடையாது.

சொந்த மில்லுக்கு நியாயமான ஆதாயங்களும் இருக்கின்றன. காலையில் கடைந்து, வேகச் சுழற்சியில் சுட்டு, அன்றைக்கே கிரவுனைக் கொடுக்கலாம். அந்த வேகத்துக்குப் பணம் தரத் தயாராக இருக்கும் மருத்துவர்கள் உண்டு. (எல்லா சிர்கோனியாவும் வேகச் சுழற்சிக்கு ஏற்றதல்ல, உற்பத்தியாளர் அனுமதித்ததற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும்.) பக்கத்துப் பல்லைத் தொடும் காண்டாக்ட் தளர்ந்து வந்த கிரவுனைத் திரும்பக் கடைய யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. 98 மில்லிமீட்டர் டிஸ்கில் யூனிட்களை நெருக்கி அடுக்கத் தெரிந்தவர் கழிவை வெகுவாகக் குறைப்பார். மாறாக, அரை டிஸ்குகள் அலமாரியில் ஷேடு (பல் நிறம்) வாரியாக அடுக்கடுக்காகச் சேர்வதும் சொந்த மில்லின் செலவுதான். ஏ3யும் ஏ2வும் தீர்ந்துகொண்டே இருக்க, டி வரிசை டிஸ்க் ஒரு கிரவுனுக்காக வாங்கப்பட்டு ஆண்டு முழுவதும் உட்கார்ந்திருக்கும். வெளி மையத்தில் அந்தச் சுமை பல லேபுகளுக்கிடையே பகிரப்பட்டுவிடுகிறது.

வெளி மையத்தின் குறை நேரமும் கட்டுப்பாடும். போக்குவரத்துக்கு ஒன்றிரண்டு நாள் கூடும். எந்தத் தரச் சிர்கோனியா பயன்படுத்தப்பட்டது என்பதை மையம் சொல்வதை நம்பியாக வேண்டும், இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. மூன்று மோல் சதவீத இட்ரியா (சிர்கோனியாவில் சேர்க்கும் ஆக்சைடு) கொண்ட வகையின் வளைவு வலிமை 1000 மெகாபாஸ்கலைத் தாண்டும். ஒளி ஊடுருவும் ஐந்து மோல் வகையில் அது ஏறத்தாழ பாதியாகிவிடும். முன்பல்லுக்கு அழகாக இருக்கும் அந்த ஐந்து மோல் பொருளில் கடைவாய் பிரிட்ஜைக் கடைந்து கொடுத்தால், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இணைப்பில் முறியும்போதுதான் தெரியும், அப்போது மருத்துவரின் கோபம் லேபைத் தேடித்தான் வரும், மையத்தைத் தேடிப் போகாது. ஆகவே டிஸ்கின் தயாரிப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும் ஒவ்வொரு வேலையோடும் எழுத்தில் வர வேண்டும் என்பதை முதல் நாளே ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும். ரீமேக் யார் செலவில் என்பதையும் அப்படியே: கோப்பு சரியாக இருந்து கடைசலில் பிழை என்றால் மையத்தின் செலவு, கோப்பிலேயே பிழை என்றால் லேபின் செலவு.

கோப்பில் என்ன பிழை வரக்கூடும் என்று கேட்பவர்கள், மார்ஜின் கோட்டை மவுஸால் வரைந்து பார்க்காதவர்கள். ஈறு மூடிய இடத்தில் ஸ்கேன் மங்கலாக இருக்கும். மென்பொருள் தானே ஒரு கோட்டைப் போட்டுவிடும், அந்தக் கோடு ஈறின் மேல் ஏறியிருக்கும். அதை உருட்டிப் பெரிதாக்கி, நிறத்தை அணைத்து, வெறும் வடிவத்தை மட்டும் பார்த்து, தேவையானால் மருத்துவரிடம் மறு ஸ்கேன் கேட்பவர்தான் நல்ல வடிவமைப்பாளர். இன்னொன்று, முன்பற்களின் வெட்டு விளிம்பு கத்தி போலக் கூர்மையாகத் தயாரிக்கப்பட்டிருந்தால், கடையும் பரின் விட்டம் அந்தக் கூர்மையைவிடப் பெரிதாக இருப்பதால் மென்பொருள் உள்ளே அதிகமாகக் குடைந்து ஈடுகட்டும். விளைவு, உள்ளே ஆடுகிற கிரவுன். இந்த இரண்டுக்கும் இயந்திரம் எவருடையது என்பதோடு தொடர்பே இல்லை. அதனால்தான் வடிவமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடைசலை மட்டும் வெளியே கொடுப்பதை, மாதம் சில நூறு யூனிட்களுக்குக் கீழே இருக்கும் லேபுக்கு மிகச் சிறந்த வழியாகக் கருதுகிறேன். வடிவமைப்பையும் சேர்த்து வெளியே கொடுப்பது மலிவாகத் தெரியலாம். ஆனால் அப்போது லேபிடம் மிஞ்சுவது பொட்டலம் பிரித்து அனுப்பும் வேலைதான்.

அச்சுப்பொறி

முப்பரிமாண அச்சுப்பொறியின் விலை, மில்லிங் இயந்திரத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஸ்கேன் கோப்பு வந்தால் மாடல் வேண்டும். 50 அல்லது 100 மைக்ரான் அடுக்குகளில் மாடல், தற்காலிக கிரவுன், கடிப்புப் பலகை, உள்வைப்புக்கான (இம்ப்ளான்ட்) வழிகாட்டி ஆகியவற்றை இரவில் போட்டுவிட்டுக் காலையில் எடுக்கலாம். எடுத்த பிறகு ஆல்கஹாலில் கழுவி, ஒளிப்பெட்டியில் முழுமையாகக் கெட்டிப்படுத்துவதில் அவசரப்படக் கூடாது. பாதி கெட்டியான ரெசின் வாயில் போகக் கூடாதது என்பதோடு, மாடலாக இருந்தால் ஓரிரு நாளில் வளைந்தும் விடும். நிரந்தரக் கிரவுனுக்கான ரெசின்களும் விற்கின்றன. அவற்றைச் சிர்கோனியாவுக்கு மாற்றாக முன்வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வலிமையில் இரண்டும் ஒரே வரிசையில் வருவதே இல்லை.

அச்சுப்பொறியின் உண்மையான பலம், பலர் கவனிக்காத ஒரு கூட்டில் இருக்கிறது. எரிந்து சாம்பல் இல்லாமல் போகும் ரெசினில் கிரவுன் வடிவத்தை அச்சிட்டு, அதை வைத்து லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கானை அழுத்து உலையில் 900 டிகிரிக்குச் சற்று மேலே அழுத்தி வார்க்கலாம். மெழுகு வடிப்பவரின் நேரம் மிச்சமாகிறது. மில்லிங் இயந்திரம் தேவைப்படுவதில்லை. பரின் விட்டம் என்ற தடையும் இல்லை. பழைய அழுத்து உலையும் இன்வெஸ்ட்மென்ட் பழக்கமும் உள்ள லேபுக்கு இது மிகக் குறைந்த முதலீட்டில் கிடைக்கும் கண்ணாடிப் பீங்கான் வழி. இதே லித்தியம் டைசிலிகேட்டைக் கட்டியாகக் கடைய வேண்டுமானால் தண்ணீர் ஓடும் மில் வேண்டும், யூனிட்டுக்கு ஒரு கட்டி வேண்டும், பர்களும் விரைவில் தேயும்.

மருத்துவமனையிலேயே கடைந்துகொள்ளும் போக்கை நினைத்துக் கலங்குபவர்களும் இருக்கிறார்கள். அந்த வழியின் முதல் இயந்திரம் 1985இல் சூரிக்கில் ஒரு நோயாளிக்குப் பயன்பட்டது. அதற்குப் பிறகும் லேபுகள் இருக்கவே செய்கின்றன. நாற்காலிப் பக்க மில் எடுத்துக்கொள்வது எளிய ஒற்றைக் கடைவாய்க் கிரவுன்களை. லேபுக்கு வருவது முன்பல் ஷேடு, பல யூனிட் பிரிட்ஜ், இம்ப்ளான்ட் மேல் முழுத் தாடை போன்றவை. ஆகவே எளிய கிரவுன்களை நம்பி மில் வாங்கும் லேப், மருத்துவரின் மில்லோடு நேரடியாகப் போட்டியிடுகிறது என்பதையும் மேலே போட்ட கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலில் டெஸ்க் ஸ்கேனரும் வடிவமைப்பு மென்பொருளும், அடுத்து அச்சுப்பொறி, வெளி மையத்தோடு எழுத்து ஒப்பந்தம், அதன் பிறகும் ஓராண்டு முழுவதும் யூனிட் எண்ணிக்கை எல்லையைத் தாண்டியே இருந்தால் தண்ணீர் இல்லாமல் கடையும் உலர் வகை மில் ஒன்று: புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லும் வரிசை இது. மில்லை வாங்கும்போது நான்கு அச்சா ஐந்து அச்சா என்று தயங்குபவர்கள், முழுத் தாடை வேலையும் சாய்ந்த திருகுத்துளைகளும் தங்களிடம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். வரவில்லை என்றால் நான்கு அச்சே வேலை செய்யும். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், தவணைக் காலம் இயந்திரத்தின் பராமரிப்பு ஒப்பந்தக் காலத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். சுழல்தண்டு மாற்றும் செலவும் கடைசித் தவணைகளும் ஒரே மாதத்தில் வந்து நின்றால் சிறிய லேபால் இரண்டையும் தாங்க முடியாது.